புல்தரையைத் தின்னும் வெள்ளைப்புழு... குருணை மருந்து தூவாமலே விரட்டலாம்!

நேற்று வரை பச்சைப் பாய் விரித்தது போல இருந்த புல்தரையில் திடீரென்று ஒரு மஞ்சள் திட்டு. தண்ணீர் போதவில்லையோ என்று இரண்டு நாள் கூடுதலாக ஊற்றுகிறோம். திட்டு குறையவில்லை, பெரிதாகிறது. ஒரு வாரம் கழித்து அந்த இடத்துப் புல்லைப் பிடித்து இழுத்தால், தரைவிரிப்பைச் சுருட்டுவது போல அப்படியே கையோடு வருகிறது. அடியில் வேரே இல்லை. மண்ணைக் கிளறினால் பிறை போல வளைந்து, கொழுகொழுவென்று படுத்திருக்கிறது வெள்ளைப்புழு.

மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களுக்கும் இந்த விருந்தாளியைத் தெரியும். நன்றாகக் காய்த்துக் கொண்டிருந்த கத்தரிச் செடி, காலையில் தண்ணீர் ஊற்றியும் மதியம் துவண்டு நிற்கும். தொட்டியைக் கவிழ்த்தால் உள்ளே நாலைந்து புழுக்கள் இருக்கும்.

உடனே பலரும் செய்வது, உரக்கடைக்குப் போய் 'புழுவுக்குக் குருணை மருந்து கொடுங்க' என்று வாங்கி வந்து தூவுவதுதான். அதே புல்லில்தான் மாலையில் குழந்தை தவழும், நாய்க்குட்டி புரளும், மைனா இரை தேடும். அதே தொட்டியிலிருந்துதான் நாளைக்குக் கீரை பறிப்போம். அப்படித் தூவுவதற்கு முன்னால், இந்தப் புழுவைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்து கொள்வது நல்லது. தெரிந்து கொண்டால் பாதிப் பிரச்னை அங்கேயே தீர்ந்துவிடும்.

யார் இந்த வெள்ளைப்புழு?

விவசாயிகள் இதை வேர்ப்புழு என்பார்கள். நிலக்கடலை, கரும்பு, உருளைக்கிழங்கு என்று பல பயிர்களின் வேரைத் தின்று நாசம் செய்வதில் பேர் போனது. இது தனிப் பூச்சி இல்லை, ஒருவகை வண்டின் குழந்தைப் பருவம். பால் வெள்ளை உடம்பு, பழுப்பு நிறத் தலை, தலைக்குக் கீழே மூன்று ஜோடிக் கால்கள். தொட்டால் சுருண்டு கொள்ளும்.

இந்தியாவில் வேர்களைத் தின்னும் முக்கிய இனங்கள் 'ஹோலோட்ரைக்கியா' என்ற வண்டுப் பேரினத்தைச் சேர்ந்தவை. இவற்றுக்கு நேரம் காலம் எல்லாம் மழையை வைத்துத்தான். சித்திரை, வைகாசியில் கோடை மழை ஒன்று நன்றாகப் பெய்து மண் நனைந்ததும், அன்று அந்தி சாயும் நேரத்தில் வண்டுகள் மண்ணைப் பிளந்து கொண்டு கூட்டமாக வெளியே வரும். நேராக வேப்பமரம், முருங்கை, இலந்தை போன்ற மரங்களுக்குப் பறந்து போய் இரவெல்லாம் இலையைக் கடித்துத் தின்னும். அங்கேயே ஜோடி சேரும். விடிவதற்குள் மறுபடி மண்ணுக்குள் போய்விடும். அப்படிப் போகும்போது ஈரமான மண்ணில் முட்டை வைக்கும்.

ஏறக்குறைய பத்து நாட்களில் முட்டை பொரிந்து குட்டிப் புழு வெளிவரும். முதலில் மண்ணில் உள்ள மக்கிய பொருட்களையும் மெல்லிய வேர்களையும் தின்னும். இரண்டு முறை தோல் உரித்து மூன்றாம் பருவத்துக்கு வந்ததும் பசி தாங்காது. ஆடிக் கடைசியிலிருந்து ஐப்பசி வரை புல்லும் செடியும் சாய்வதற்கு இந்தப் பருவப் புழுதான் காரணம். பிறகு மண்ணின் ஆழத்துக்குப் போய்க் கூட்டுப்புழுவாகி, வண்டாகி, அடுத்த கோடை மழைக்காகக் காத்திருக்கும். பொதுவாக வருஷத்துக்கு ஒரே தலைமுறைதான்.

இந்தக் கதையில் நமக்கு வேண்டிய சேதி இரண்டு. வண்டாக இருக்கும்போது மழைக்குப் பிந்தைய சில நாட்களில் பிடித்தால், முட்டை வைப்பதையே தடுத்துவிடலாம். அது தவறினால், ஆனி, ஆடியில் புழு சின்னதாக, மண்ணின் மேல்பகுதியில் இருக்கும்போது பிடிக்க வேண்டும். ஐப்பசியில் பெருவிரல் நீளத்துக்கு வளர்ந்த பிறகு எதைப் போட்டாலும் பலன் குறைவு.

எல்லா வெள்ளைப்புழுவும் எதிரி இல்லை!

மாடித்தோட்டக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. வீட்டுக் கழிவை மக்க வைக்கும் தொட்டியில் காணும் வெள்ளைப்புழுக்களில் பெரும்பாலானவை பூவண்டுகளின் புழுக்கள். அவை தின்பது மட்கும் குப்பையைத்தான். குப்பையைச் சீக்கிரம் எருவாக்கி நமக்கு உதவி செய்கின்றன.

கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. புழுவை எடுத்து ஒரு தட்டில் அல்லது சிமென்ட் தரையில் விடுங்கள். மல்லாந்து படுத்து, கால்களை மேலே வைத்துக் கொண்டு முதுகாலேயே ஊர்ந்து போனால் அது பூவண்டின் புழு. திரும்பக் கொண்டுபோய் உரத்தொட்டியிலேயே விடலாம். சுருண்டபடி பக்கவாட்டில் கிடந்து தடுமாறினால், வேரைத் தின்னும் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். குழந்தைகளைக் கூப்பிட்டு இந்தச் சோதனையைச் செய்யச் சொன்னால், அவர்களுக்கு ஒரு விடுமுறை நாள் போவதே தெரியாது.

மூன்றாவது ஆள் ஒன்று உண்டு. எருக்குழியிலும் மட்கிய தென்னை மரத்திலும் பெருவிரல் தடிமனுக்குக் கிடக்கும் பெரிய புழு. இது காண்டாமிருக வண்டின் புழு. புழு செடியைத் தொடாது, குப்பையைத்தான் தின்னும். ஆனால் வளர்ந்து வண்டானதும் தென்னங்குருத்தைக் குடைந்து விடும். பக்கத்தில் தென்னை இருந்தால் இதை விட்டு வைக்கக் கூடாது.

எத்தனை இருந்தால் கவலைப்பட வேண்டும்?

புல் மஞ்சளாவதற்கு வெயில், தண்ணீர்க் குறைவு, பூஞ்சை நோய், நாயின் சிறுநீர் என்று வேறு காரணங்களும் உண்டு. அதனால் முதலில் புழுதானா என்று பார்த்துவிட வேண்டும். பச்சையும் மஞ்சளும் சேரும் ஓரத்தில், ஒரு அடிக்கு ஒரு அடி சதுரமாக மூன்று பக்கம் மண்வெட்டியால் வெட்டுங்கள். ஆழம் மூன்று அங்குலம் போதும். நான்காவது பக்கத்தை வெட்டாமல் புல்லைப் புத்தகத்தின் அட்டை போல மடித்துத் திறந்து, மண்ணை உதிர்த்துப் புழுக்களை எண்ணுங்கள். எண்ணி முடித்ததும் புல்லை மூடி, காலால் அழுத்தித் தண்ணீர் விட்டால் மறுபடி பிடித்துக் கொள்ளும்.

நல்ல ஆரோக்கியமான புல்தரையில் சதுர அடிக்கு ஐந்துக்குள் இருந்தால் எதுவும் செய்ய வேண்டியதில்லை. புல்லே அதைத் தாங்கிக் கொள்ளும். பத்தைத் தாண்டினால் இறங்கி வேலை செய்ய வேண்டும். இடையில் இருந்தால், தண்ணீரையும் உரத்தையும் சரி செய்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி எண்ணிப் பாருங்கள். தொட்டிச் செடிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. சின்னத் தொட்டியில் இரண்டு புழுவே செடியைச் சாய்த்துவிடும்.

குருணை மருந்து ஏன் வேண்டாம்?

ஒரு காலத்தில் வேர்ப்புழுவுக்கு என்றே பரவலாகப் பயன்படுத்தப்பட்ட போரேட் குருணைக்கு, 2020 டிசம்பர் 31 முதல் நாட்டில் முழுத் தடை வந்துவிட்டது. அத்தனை கொடிய நஞ்சு அது. வீட்டில் எங்காவது பழைய பொட்டலம் கிடந்தால் அதைத் தொடுவதே ஆபத்து.

கார்போஃபியூரான் என்ற இன்னொரு மருந்தின் குருணைகளைத் தானியம் என்று நினைத்துக் கொத்திய பறவைகள் செத்து விழுந்ததால், அமெரிக்காவில் 1990-களின் தொடக்கத்திலேயே அந்தக் குருணைக்குக் கடும் கட்டுப்பாடு வந்தது. வெள்ளைப்புழுவை நமக்காக இலவசமாகப் பொறுக்கித் தின்பவை பறவைகள். அவற்றைக் கொல்லும் மருந்தைத் தூவிவிட்டால், அடுத்த ஆண்டு புழுவைத் தின்ன யார் வருவார்கள்? மண்புழுவும் சேர்ந்து சாகும். மண் இறுகும். புல் இன்னும் பலவீனமாகும்.

முதல் ஆயுதம்: ஒரு பல்பும் ஒரு பேசினும்

கோடையின் முதல் நல்ல மழை பெய்த அன்று மாலையே தயாராகிவிடுங்கள். தோட்டத்தின் ஓரத்தில் ஒரு பல்பைத் தொங்கவிட்டு, அதன் கீழே அகலமான பேசினில் தண்ணீர் நிரப்பிக் கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து வையுங்கள். மின் இணைப்பு தண்ணீரில் படாத உயரத்தில் இருக்க வேண்டும், குழந்தைகள் கிட்டே போகக் கூடாது. மாலை ஏழு மணியிலிருந்து பத்து மணி வரை எரிந்தால் போதும். வெளிச்சத்தைத் தேடி வந்து மோதும் வண்டுகள் பேசினில் விழும். ஒரு பெண் வண்டைப் பிடித்தால் அது வைக்க இருந்த முட்டைகள் அத்தனையும் மிச்சம்.

அந்த வாரம் மட்டும் புல்தரைக்குப் பக்கத்தில் உள்ள மற்ற விளக்குகளை அணைத்து வைப்பது நல்லது. இரவெல்லாம் பளிச்சென்று எரியும் விளக்குக்குக் கீழே புல்தரை இருந்தால், நாமே வண்டை விருந்துக்கு அழைத்தது போல ஆகிவிடும். மழைக்குப் பிறகு ஒரு வாரம், பத்து நாள் விளக்குப் பொறி வைத்தால் போதும். வருஷம் முழுக்க எரியவிட்டால் நன்மை செய்யும் பூச்சிகளும் விழுந்து சாகும்.

கிராமங்களில் இன்னொரு பழக்கம் உண்டு. இரவு எட்டு மணிக்கு மேல் வேப்பமரத்தின் கீழே துணியை விரித்து, நீளமான கழியால் கிளையை உலுக்குவார்கள். மேய்ந்து கொண்டிருக்கும் வண்டுகள் பொத்பொத்தென்று விழும். அள்ளிச் சோப்புத் தண்ணீரில் போட வேண்டியதுதான். வீட்டு வாசலில் முருங்கை மரம் இருந்தால் நகரத்திலும் இதைச் செய்யலாம்.

இரண்டாவது ஆயுதம்: கோவை தந்த நூற்புழு

நூற்புழு என்றதும் வேரில் முடிச்சுப் போடும் கெட்ட நூற்புழுதான் பலருக்கு நினைவு வரும். நல்ல நூற்புழுவும் இருக்கிறது. அது செடியைத் தொடாது, பூச்சிகளைத்தான் தேடிப் போகும். கண்ணுக்கே தெரியாத அந்த உயிரி, ஈர மண்ணுக்குள் நீந்திச் சென்று வெள்ளைப்புழுவின் வாய், மூச்சுத் துளை வழியாக உள்ளே நுழையும். தன் வயிற்றில் சுமந்து வந்த பாக்டீரியாவை அங்கே வெளியிடும். இரண்டு மூன்று நாட்களில் புழு செத்துச் செங்கல் நிறமாகிவிடும். செத்த புழுவுக்குள்ளேயே நூற்புழு பல்லாயிரமாகப் பெருகி, அடுத்த புழுவைத் தேடி வெளியே வரும்.

இதில் புகழ்பெற்ற இனம் ஒன்றின் பெயர் 'ஹெட்டரோராப்டிடிஸ் இண்டிகா'. பெயரிலேயே இந்தியா இருக்கிறது. கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டு 1992-ல் அறிவியல் உலகுக்கு அறிமுகமான இனம் இது. வெப்பமான மண்ணையும் தாங்கும் என்பது இதன் பலம். பின்னாளில் அமெரிக்காவின் ஃபுளோரிடா ஆரஞ்சுத் தோட்டங்களில் வேரைத் தின்னும் புழுக்களுக்கு எதிராகவும் இதே இனம் களமிறங்கியது. பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் அமைப்பு, வெள்ளைப்புழுவுக்காகவே இதைத் தூள் வடிவில் தயாரிக்கும் முறையை உருவாக்கி, நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்திருக்கிறது.

வாங்கினால் பயன்படுத்தும் முறையில்தான் வெற்றி இருக்கிறது. நூற்புழு உயிருள்ள பொருள். வெயிலும் வறட்சியும் பட்டால் செத்துவிடும். அதனால்,

• தயாரிப்புத் தேதியும் காலாவதித் தேதியும் பார்த்து வாங்குங்கள். வெயிலில் நிறுத்திய வண்டியில் வைக்காதீர்கள்.
• முதலில் புல்தரைக்கு நன்றாகத் தண்ணீர் விடுங்கள்.
• பாக்கெட்டில் சொன்ன அளவில் கரைத்து, சூரியன் இறங்கிய பிறகு பூவாளியால் ஊற்றுங்கள். தெளிப்பானில் சின்ன வடிகட்டி இருந்தால் எடுத்துவிடுங்கள், அதில் நூற்புழு சிக்கிக் கொள்ளும்.
• ஊற்றியதும் இன்னொரு முறை தண்ணீர் விட்டு, அதை மண்ணுக்குள் இறக்குங்கள். அடுத்த இரண்டு வாரம் மண் காயாமல் பார்த்துக் கொள்ளுங்கள்.
• இதோடு வேறு எந்தப் பூச்சி மருந்தையும் கலக்காதீர்கள்.

மனிதர்களுக்கோ, நாய், பூனைக்கோ, மண்புழுவுக்கோ இதனால் தீங்கு இல்லை.

மூன்றாவது ஆயுதம்: பச்சைப் பூஞ்சை

'மெட்டாரைசியம்' என்பது மண்ணில் இயல்பாகவே வாழும் பூஞ்சை. இதன் வித்துகள் புழுவின் தோலில் ஒட்டி முளைத்து, உள்ளே துளைத்துக் கொண்டு போகும். செத்த புழுவின் மேல் முதலில் வெள்ளையாகப் படர்ந்து, பிறகு பாசிப் பச்சையாக மாறும். தோட்டத்தில் அப்படிப் பச்சை பூத்த புழுவைப் பார்த்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். அதை எடுத்து எறியாதீர்கள். அடுத்த புழுவுக்கு நோய் பரவுவது அதிலிருந்துதான்.

உரக்கடைகளில் இது தூளாகவும் திரவமாகவும் கிடைக்கிறது. பாக்கெட்டில் சொன்ன அளவை நன்கு மக்கிய எருவில் கலந்து, லேசாகத் தண்ணீர் தெளித்து, ஈரச் சாக்கால் மூடி நிழலில் ஒரு வாரம் வைத்தால் பூஞ்சை பெருகும். பிறகு மாலையில் புல்தரையிலோ தொட்டியிலோ தூவித் தண்ணீர் விடலாம். எருக்குழியில் உள்ள காண்டாமிருக வண்டுப் புழுவுக்கும் இதுதான் மருந்து. பூஞ்சைக் கொல்லி மருந்து எதையும் கூடவே தெளித்தால் இதுவும் செத்துவிடும். பலன் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும். பொறுமை வேண்டும்.

வீட்டிலேயே இருக்கும் உதவியாட்கள்

வேப்பம்புண்ணாக்கு: வேம்பில் உள்ள அசாடிராக்டின் புழுவின் பசியைக் கெடுக்கும், தோல் உரிப்பதையும் தடுக்கும். சதுர மீட்டருக்கு 100 கிராம், ஒரு தொட்டிக்கு ஒரு கைப்பிடி என்று மண்ணில் கலக்கலாம். வளர்ந்த புழுவை உடனே கொல்லும் என்று எதிர்பார்க்கக் கூடாது. கோடை மழைக்கு முன்பே கலந்து வைப்பதுதான் சரி.

பறவைகள்: மைனா, காகம், செம்போத்து, தரையைக் குத்திக் குத்திப் பார்க்கும் கொண்டலாத்தி எல்லாம் புழுவைத் தோண்டி எடுப்பவை. ஒரு சிறு தட்டில் தண்ணீர் வைத்தால் தினமும் வருகை தரும். மண்ணைக் கிளறும் நாளில் வீட்டு நாட்டுக்கோழியைத் திறந்துவிட்டால் ஒரு புழு மிஞ்சாது.

குளவிகள்: புல்லை ஒட்டித் தாழ்வாகப் பறக்கும் சில பெரிய குளவிகள், மண்ணுக்குள் நுழைந்து வெள்ளைப்புழுவின் மேல் முட்டை வைப்பவை. அவற்றின் குஞ்சுகளுக்கு அந்தப் புழுவே உணவு. பார்த்ததும் அடிக்க ஓடாதீர்கள்.

ஆமணக்குப் புண்ணாக்கு: தென்னை உள்ள வீடுகளில், ஒரு கிலோ ஆமணக்குப் புண்ணாக்கை ஐந்து லிட்டர் தண்ணீரில் கரைத்து மண்பானையில் வைத்தால், அந்த வாடைக்குக் காண்டாமிருக வண்டு வந்து விழும்.

தொட்டிக்குள் எப்படி வந்தது?

மாடிக்கு ஏறி வந்த புழு பெரும்பாலும் நாமே தூக்கி வந்ததுதான். சரியாக மக்காத சாணத்தில் முட்டையும் புழுவும் ஒளிந்திருக்கும். வாங்கிய எருவை அப்படியே தொட்டியில் கொட்டாமல், மொட்டை மாடியில் மெல்லியதாகப் பரப்பி வெயிலில் காயவிட்டு, சலித்து, புழு இருந்தால் பொறுக்கிய பிறகு பயன்படுத்துங்கள். எரு நன்றாக மக்கியிருந்தால் சாண வாடை வராது, மண் வாசனை வரும். கையில் எடுத்தால் தேயிலைத் தூள் போல உதிரும்.

ஏற்கெனவே புழு வந்துவிட்ட தொட்டி என்றால், செடியைப் பக்குவமாகக் கவிழ்த்து எடுத்து, வேர் மண்ணை உதறி, புழுக்களைப் பொறுக்கிவிட்டு, வேப்பம்புண்ணாக்கு கலந்த புது மண்ணில் மாலை நேரத்தில் நட்டு, மூன்று நாள் நிழலில் வையுங்கள். இதைவிடப் பக்கவிளைவு இல்லாத வைத்தியம் வேறு இல்லை.

இதையெல்லாம் செய்யாதீர்கள்

உப்புத் தண்ணீர், பிளீச்சிங் பவுடர், மண்ணெண்ணெய், ஃபினாயில், கொதிக்கும் நீர் என்று வாட்ஸ்அப்பில் வரும் 'பாட்டி வைத்தியங்கள்' எதையும் மண்ணில் ஊற்றாதீர்கள். புழு செத்தாலும் சாகாவிட்டாலும் மண் நிச்சயம் சாகும்.

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து 'மில்க்கி ஸ்போர்' தூளை ஆன்லைனில் தேடுகிறவர்களும் உண்டு. ஜப்பானிலிருந்து போய் 1916-ல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் முதன்முதலாகக் காணப்பட்ட ஜப்பானிய வண்டின் புழுவுக்கு என்றே அங்கே பயன்படுத்தப்படும் பாக்டீரியா அது. நம் ஊர்ப் புழு வேறு, அந்தப் புழு வேறு. காசுதான் வீண்.

புல்லை ஒட்ட மொட்டையடிப்பதும் தவறு. இரண்டு அங்குலம் உயரம் விட்டு வெட்டினால் வேர் ஆழமாக இறங்கும். ஆழமான வேர் உள்ள புல், புழு கொஞ்சம் கடித்தாலும் தாக்குப் பிடிக்கும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளிப்பதற்குப் பதிலாக, இடைவெளி விட்டு நன்றாக நனையும்படி விடுங்கள். வண்டு முட்டை வைக்கும் வாரங்களில், மழை இல்லாத நாட்களில் மேல்மண் கொஞ்சம் காய்ந்திருந்தால் முட்டைகள் பிழைப்பது கஷ்டம்.

காலண்டரில் குறித்துக் கொள்ளுங்கள்

பங்குனி: எருவைச் சலித்து, வேப்பம்புண்ணாக்கு கலந்து மண்ணைத் தயார் செய்யுங்கள்.
சித்திரை, வைகாசி: முதல் மழை பெய்ததும் விளக்குப் பொறி. இரவில் மரத்தை உலுக்கி வண்டு பிடித்தல்.
ஆனி, ஆடி: சதுர அடிச் சோதனை. எண்ணிக்கை அதிகமென்றால் நூற்புழு அல்லது மெட்டாரைசியம்.
ஆவணி, புரட்டாசி: மறுபடி எண்ணிப் பாருங்கள். கையால் பொறுக்குங்கள். வழுக்கை விழுந்த இடத்தில் புதுப் புல் நடுங்கள்.

சந்தேகம் இருந்தால் அருகில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ, வேளாண் விரிவாக்க மையத்தையோ அணுகலாம். 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணில் தமிழிலேயே கேட்கலாம். கட்டணம் இல்லை.

ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும். வண்டுக்குக் காம்பவுண்டுச் சுவர் கிடையாது. நீங்கள் மட்டும் பிடித்தால் பக்கத்து வீட்டு முருங்கையிலிருந்து பறந்து வரும். தெருவில் நாலு வீடு, அடுக்குமாடியில் ஒரு பிளாக் சேர்ந்து அந்த மழை வாரத்தில் விளக்குப் பொறி வைத்தால், செலவு ஒரு பல்பும் கொஞ்சம் சோப்பும்தான். அடுத்த மழை வருவதற்குள், இதை உங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்து விடுங்கள்.